புதிய மொழிக்கு இலக்கணம் அமைப்பது எப்படி?

புதிதாக ஒரு மொழி உருவாக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எழுத்து வடிவம் வரைவார்கள், அப்புறம் சொற்களைச் சேர்ப்பார்கள். இலக்கணம் என்று வரும்போது கை நின்றுவிடும். கடைசியில் தமிழ் வாக்கியத்தை எடுத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி வைப்பார்கள். அது சங்கேத மொழிதானே தவிர, தனி மொழி ஆகாது.

இலக்கணத்தை அட்டவணையாக எழுதத் தொடங்க வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்களை எழுதுங்கள். எங்கே பொருள் குழம்புகிறதோ அங்கே ஒரு விதி தேவைப்படும். இப்போதைக்கு ஐந்து சொற்கள் போதும்: கோபு (நாய்), லனி (சிறுமி), துசா (ரொட்டி), மிரு (தின்), வெகா (பார்).

படி 1: சொல் வரிசை

தமிழில் வினை கடைசியில் வரும். அதை விட்டு விலகினால்தான் உங்கள் பழக்கம் உங்களை இழுக்காது. நாம் வினையை முதலில் வைப்போம்: மிரு கோபு துசா. நாய் ரொட்டி தின்கிறது.

இந்த ஒரு முடிவு வேறு பலவற்றையும் இழுத்து வரும். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு 1963-ல் வெளியிட்ட கட்டுரையில், வினையில் தொடங்கும் மொழிகள் 'இல்', 'மேல்' போன்ற உறவுச் சொற்களைப் பெயருக்கு முன்னால் வைப்பதைக் காட்டினார். ஆகவே நம் மொழியிலும் 'குளத்தில்' என்பது 'இல் குளம்' என்ற அமைப்பில் வரட்டும். இயல்பான மொழி வேண்டாம், அந்நியமாக ஒலிக்க வேண்டும் என்றால் இதை மீறலாம். 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வேற்றுக்கிரகத்தார் பேசுவதற்காக உருவாக்கிய கிளிங்கான் மொழியில் மார்க் ஒக்ராண்ட் செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற மிக அரிதான வரிசையை வேண்டுமென்றே வைத்தார். அப்படிப்பட்ட மொழிக்கு அது பொருத்தம்.

படி 2: யார், யாரை?

'மிரு கோபு துசா'வில் சிக்கல் இல்லை. ரொட்டி நாயைத் தின்னாது. 'வெகா லனி கோபு' என்றால்? சிறுமி நாயைப் பார்க்கிறாளா, நாய் சிறுமியைப் பார்க்கிறதா? வரிசையை மட்டும் நம்பலாம், அல்லது ஒரு குறி சேர்க்கலாம். 1887-ல் சாமன்ஹோஃப் உருவாக்கி வெளியிட்ட எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் செயப்படுபொருளாக வரும் பெயர்ச்சொல் எதுவானாலும் 'ன்' என்ற ஒலியில் முடியும். எளிய விதி.

தமிழ் அப்படிச் செய்வதில்லை. 'நாய் ரொட்டி தின்றது' என்று 'ஐ' இல்லாமல் சொல்கிறோம். 'சிறுமி அம்மா பார்த்தாள்' என்று சொல்ல முடியாது. 'அம்மாவை' என்றே ஆக வேண்டும். குழப்பம் வரக்கூடிய இடத்தில் குறி கட்டாயம், மற்ற இடத்தில் விடலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. இதையே எடுத்துக்கொள்வோம்: செயப்படுபொருள் உயிருள்ளதாக இருந்தால் மட்டும் அதன் முன் 'சா' வரும். 'வெகா லனி சா கோபு', சிறுமி நாயைப் பார்க்கிறாள்.

படி 3: வினை எதைச் சொல்லியே தீர வேண்டும்?

தமிழ் வினைமுற்றில் காலமும் பொதுவாக ஆள், எண், பால் எல்லாமும் வந்துவிடும். சீன மொழி வினையில் காலத்தைக் காட்டும் விகுதியே இல்லை. 'நேற்று' என்ற சொல்லோ சூழலோ அதைப் பார்த்துக்கொள்ளும். துருக்கியில் 'கெல்தி' என்றால் வந்தான். 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம்.

நாம் காலத்தை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லும்போது இரண்டே விகுதிகள் வைப்போம். கண்ணால் கண்டது 'ன', கேள்விப்பட்டது 'ஷு'. 'மிருன கோபு துசா' என்றால் நாய் ரொட்டி தின்றதை நான் பார்த்தேன். 'மிருஷு கோபு துசா' என்றால் தின்றதாம். இந்த மொழியில் ஒருவர் வதந்தி பேசினால் வினையே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 4: மூவிடப் பெயர்கள்

நான், நீ, அவர் மூன்றும் போதும். 'நாம்', 'நாங்கள்' என்ற பிரிவு வேண்டுமா என்று மட்டும் முடிவு செய்யுங்கள். 'பாகுபலி' படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கியில் 'மின்' என்றால் நான், திருப்பிப் போட்ட 'நிம்' என்றால் நீ. இப்படி ஒரு ஒழுங்கு இருந்தால் கற்பவருக்கு எளிது.

படி 5: வாக்கியத்துக்குள் வாக்கியம்

பெரும்பாலான புதிய மொழிகள் இங்கேதான் நின்றுபோகின்றன. 'சிறுமி பார்த்த நாய் ரொட்டி தின்றது' என்பதை எழுதிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'யெ' என்ற இணைப்புச் சொல் போடலாம்:

மிருன கோபு யெ வெகான லனி துசா.

இப்போது 'துசா' யாருடையது? நாய் தின்ற ரொட்டியா, சிறுமி பார்த்த ரொட்டியா? உள்வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அதனால் மூடும் சொல் ஒன்று தேவை. 'நோ' என்று வைப்போம்:

மிருன கோபு யெ வெகான லனி நோ துசா.

வெறும் அட்டவணை போட்டிருந்தால் இந்த 'நோ' நமக்குக் கிடைத்தே இருக்காது.

படி 6: ஒரு கதையில் சோதனை

சாமன்ஹோஃப் தன் மொழி தாங்குமா என்று பெரிய படைப்புகளை மொழிபெயர்த்தார். 1894-ல் 'ஹாம்லெட்' வெளிவந்தது. நமக்குப் பாட்டி வடை சுட்ட கதை போதும். கேள்வி, ஏவல், எதிர்மறை, 'பாடினால் வடை விழும்' என்ற நிபந்தனை எல்லாம் அதில் தேவைப்படும். ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதுங்கள். எதிர்மறைக்கு ஒரு யோசனை: ஃபின்னிஷில் 'இல்லை' என்பதே ஒரு வினை, அது ஆளுக்கேற்ப மாறும். நம் மொழியில் வினைதான் முதலில் வருகிறது என்பதால், 'இல்லை'யையும் வினையாக்கி 'ன', 'ஷு' விகுதிகளை அதோடு சேர்த்துப் பாருங்கள்.