லாரியில் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையா? கை வைக்கும் முன் தெரிய வேண்டிய தவறுகள்

பழைய லாரியில் கால் பிரேக் நன்றாகவே பிடிக்கும். ஆனால் சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டால் வண்டி மெல்ல நகர ஆரம்பிக்கும். உடனே எல்லோரும் கேபினில் இருக்கும் ஹேண்ட் பிரேக் வால்வைத்தான் சந்தேகப்படுவார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் புது வால்வு வாங்கி மாட்டினேன். மாட்டிய அன்று மாலையே வண்டி மறுபடி நகர்ந்தது. கோளாறு கேபினில் இல்லை, பின் சக்கரத்தில் பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரில் இருந்தது.

"கால் பிரேக் நல்லாதானே இருக்கு" என்ற அந்த நினைப்புதான் முதல் தவறு. ஏர் பிரேக் லாரியில் இரண்டும் எதிரெதிராக வேலை செய்கின்றன. காலால் மிதித்தால் காற்று, சக்கரத்தருகே இருக்கும் சேம்பர் என்ற டப்பாவுக்குள் போய், பிரேக்கை இயக்கும் புஷ் ராடு என்ற கம்பியைத் தள்ளும். ஹேண்ட் பிரேக்கில் பிடிப்பது காற்று இல்லை, சேம்பரின் பின்பாதியில் இருக்கும் கனத்த ஸ்பிரிங். வண்டி ஓடும்போது காற்று அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும். லீவரை இழுத்ததும் காற்று வெளியேறும், ஸ்பிரிங் விரிந்து ராடைத் தள்ளும்.

இப்போது டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனர் தேய்ந்து, சக்கரத்தோடு சுழலும் அந்த டிரம்முக்கும் லைனருக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் பிரேக்குக்குப் பின்னால் டேங்க் நிறைய காற்று இருக்கிறது. ராடு கொஞ்சம் அதிகம் ஓடினாலும் அழுத்தம் பெரிதாகக் குறையாது. ஸ்பிரிங் அப்படி இல்லை. விரிய விரிய அதன் பலம் குறைந்துகொண்டே போகும். லைனர் டிரம்மைத் தொடும்போது அதன் பலத்தில் கணிசமான பங்கு குறைந்திருக்கும். அதனால்தான் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் முதலில் கைவிடுகிறது. 30 டைப் என்ற அளவுள்ள சேம்பரில் ராடு மொத்தமே இரண்டரை அங்குலம்தான் ஓட முடியும். இரண்டு அங்குலத்தைத் தொட்டுவிட்டால் அட்ஜஸ்ட் செய்யாமல் ஓட்டக் கூடாது.

சரி, எங்கே கோளாறு என்று எப்படித் தெரியும்? சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போட்டு, காற்றை முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் லீவரை இழுக்க, இன்னொருவர் வண்டிக்கு வெளியே குனிந்து ராடைப் பார்க்க வேண்டும். "புஸ்" என்று பலமாகக் காற்று வெளியேறவில்லை என்றால் வால்வைப் பாருங்கள். அதற்கும் முன்னால் காற்று வெளியேறும் துளையைப் பாருங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டியில் சேறோ குளவிக்கூடோ அதை அடைத்திருக்கலாம். காற்று போயும் ராடு அசையவில்லை என்றால் சேம்பரிலோ, லைனரை விரித்துத் தள்ளும் கேம் ஷாஃப்ட்டின் புஷ்ஷிலோ சிக்கல். ராடு நீளமாக வெளியே வந்தும் சக்கரம் பிடிக்கவில்லை என்றால் அட்ஜஸ்ட்மென்ட் அல்லது லைனர். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் சாமான் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

அசையாத ராடுக்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. வழியில் காற்றுக் குழாய் வெடித்து வண்டி நின்றுவிட்டால், சேம்பரின் பின்பக்கத்து போல்ட்டால் ஸ்பிரிங்கைச் சுருக்கி, வண்டியை ஓரங்கட்டுவார்கள். குழாயை மாற்றிய பிறகு அந்த போல்ட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிடுவார்கள். அப்புறம் லீவரை எத்தனை முறை இழுத்தாலும் அந்தச் சக்கரம் பிடிக்காது. பழைய வண்டி வாங்கினால் முதலில் இதைப் பாருங்கள்.

உயிரைப் பறிக்கும் தவறு ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங் உடைந்திருக்கும் என்று நினைத்து, சேம்பரின் பின்பாதியைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றிப் பார்ப்பது. ஏறக்குறைய ஒரு டன் விசையோடு அந்த ஸ்பிரிங் உள்ளே அடங்கியிருக்கிறது. காற்று இல்லாவிட்டாலும் அது அடங்கித்தான் இருக்கும். மூடி விடுபட்டால் பீரங்கிக் குண்டு போலப் பாயும். தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். வேறு யாராவது திறந்தாலும் பக்கத்தில் நிற்காதீர்கள். ஸ்பிரிங் போய்விட்டால் சேம்பரை அப்படியே மாற்றுவதுதான் வழி. பின்பக்க ரப்பர் மூடி தொலைந்துபோன சேம்பரில் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்துத்தான் பல ஸ்பிரிங்குகள் உடைகின்றன. அந்தச் சின்ன மூடியை அலட்சியப்படுத்த வேண்டாம்.

அட்ஜஸ்ட் செய்யும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். போட்டபடி திருப்பினால் இடைவெளி சரியாக அமையாது. ஆனால் விட்டுவிட்டால் வண்டியைத் தடுத்து நிற்க எதுவும் இல்லை. நீங்கள் அடியில் படுத்திருக்கும்போது அந்தக் கட்டைகள்தான் பிரேக். கைக்குக் கிடைத்த செங்கல் போதாது. கைமுறை அட்ஜஸ்டரில் போல்ட்டின் பூட்டை ஸ்பேனரால் அழுத்தி, லைனர் டிரம்மைத் தொடும்வரை போல்ட்டைத் திருப்பி, பிறகு கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை தளர்த்த வேண்டும். பிரேக் போடும்போது கேம் ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அதே பக்கம்தான் இப்போதும் சுழல வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பினாலும் ஒரு கட்டத்தில் இறுகும், அதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. மலை இறங்கி வந்த சூட்டில் அட்ஜஸ்ட் செய்யாதீர்கள். டிரம் விரிந்திருக்கும், ஆறியதும் சக்கரம் உராயும். தானியங்கி அட்ஜஸ்டர் இருக்கும் வண்டி அடிக்கடி தளர்ந்தால் கையால் திருப்பிச் சமாளிக்க வேண்டாம். அட்ஜஸ்டரோ வேறு பாகமோ பழுதாகியிருக்கிறது.

ஹப் ஆயில் சீல் கசிந்து எண்ணெய் குடித்த லைனரை பெட்ரோலில் கழுவுவதும், தீ வைத்து எரிப்பதும் பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. மேலே காய்ந்தது போலத் தெரியும், சூடானதும் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி கசியும். சீலை மாற்றுங்கள், அந்த ஆக்சிலின் இரு பக்கமும் புது லைனர் போடுங்கள். டிரம் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வேலை முடிந்ததும் வெறும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். லோடு ஏற்றி, லேசான சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் டிரைவர் சீட்டில் ஒருவர் காலைப் பிரேக் மேல் மிதிக்காமல் தயாராக வைத்திருக்கட்டும், டயரிலிருந்து சரிவின் கீழ்ப்பக்கமாக ஒரு சாண் தள்ளிக் கட்டை கிடக்கட்டும்.