பெண்கள் பள்ளியின் அலுவலகத்துக்கு நன்றி சொல்வது எப்படி

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பதினொரு மணி வாக்கில் பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கிருக்கும் எழுத்தர். "பயப்படாதீங்க, பாப்பாவுக்கு இன்னைக்குத்தான் முதல் தடவை, நாப்கின் கொடுத்து பக்கத்துலயே உட்கார வெச்சிருக்கேன், நீங்க மெதுவா வாங்க" என்றார். போய்ப் பார்த்தால் அவருடைய துப்பட்டா என் மகளின் இடுப்பில் கட்டியிருக்கிறது, கையில் கொஞ்சம் விண்ணப்பங்களைக் கொடுத்து அகர வரிசையில் அடுக்கச் சொல்லியிருக்கிறார், அவளும் மும்முரமாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அழுத சுவடே இல்லை. அந்த வருட ஆண்டு விழாவில் நன்றியுரையை நானே எழுதினேன். ஆசிரியர்கள், விருந்தினர்கள், மேடை போட்டவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள், அலுவலகம் மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதன்பின் சில வருடங்கள் பெற்றோர் சங்கத்தில் இருந்து, செய்து பார்த்துக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது. அலுவலகம் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், ஆனால் அதில் தலைமை ஆசிரியை, துணைத் தலைமை, தலைமை எழுத்தர், கணக்கர், பதிவேடுகளைப் பார்ப்பவர், முன்மேசையில் போன் எடுப்பவர், அலுவலக உதவியாளர், வாசல் காவலர், கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருக்கும் அம்மா என்று பலர் இருக்கிறார்கள். ஒரு காலை நேரம் பார்வையாளர் பெஞ்சில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். ஒரு ஆள் வந்து "நான் அவளோட மாமா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்பார், முன்மேசையில் இருப்பவர் பதிவேட்டைத் திறந்து பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார், இருக்காது, அம்மாவுக்குப் போன் போடுவார், அவர் எடுக்கும்வரை அந்தப் பெண் வகுப்பிலேயே இருப்பாள். வந்தவர் சத்தம் போட்டாலும் அவர் குரலை உயர்த்த மாட்டார். இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் "ஆபீஸ்ல சும்மாதானே உட்கார்ந்திருக்காங்க" என்று சொல்ல மாட்டார்கள்.

பெண்கள் பள்ளி அலுவலகத்துக்கென்றே சில வேலைகள் உண்டு, அவை எந்தப் பணிப் பட்டியலிலும் இருக்காது. போனில் யார் கேட்டாலும் மாணவியின் முகவரியையோ எண்ணையோ கொடுக்காமல் இருப்பது. நாப்கின் அலமாரி காலியாகாமல் பார்த்துக்கொள்வது. கட்டணம் பாக்கி என்றால் வகுப்பில் எல்லோர் முன்னும் பெயரைப் படிக்காமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது. பெற்றோர் பிரிந்துவிட்ட வீட்டுப் பிள்ளையின் விவரங்களைப் பொத்திவைப்பது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ஒரு பெண் தொடர்ந்து நான்கு நாள் வரவில்லை என்பது வருகைப் பதிவைக் கூட்டிப் பார்க்கும்போது எழுத்தரின் கண்ணில் படும். வீட்டில் படிப்பை நிறுத்தப் பார்க்கிறார்களா, உடம்பு சரியில்லையா, கல்யாணப் பேச்சா என்று ஒரு போன் போட்டு விசாரிப்பது அவர் கையில் இருக்கிறது. அந்த ஒரு போன் சில பெண்களைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது.

சரி, நன்றியை எப்படிச் சொல்வது? எழுதிக் கொடுங்கள், அதுவும் நடந்ததைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "தங்கள் சீரிய சேவைக்கு நன்றி" என்பதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், வாங்குபவருக்கும் அது தெரியும். இப்படி எழுதிப் பாருங்கள்: "என் மகளின் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பள்ளிப் பதிவேட்டில் வேறு மாதிரியும் பெயர் இருந்ததைத் தேர்வுப் பட்டியல் அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடித்து எங்களைக் கூப்பிட்டீர்கள். அன்று விட்டிருந்தால் ஒவ்வொரு சான்றிதழுக்கும் அலைந்திருப்போம்." மூன்று வரி போதும். தேதி போடுங்கள், உங்கள் பெயரும் மகளின் வகுப்பும் இருக்கட்டும். ஒரு பிரதியைத் தலைமை ஆசிரியைக்கோ நிர்வாகக் குழுவுக்கோ அனுப்புங்கள். புகார் என்றால் மேலிடம் வரை போய்விடுகிறது, நல்லது நடந்தால் மட்டும் வாய்வார்த்தையோடு நின்றுவிடுகிறது. எழுத்தில் போனால் அது அவருடைய பணிக் கோப்பில் சேரும், பதவி உயர்வு பேச்சு வரும்போது கைகொடுக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். உங்கள் மகளின் தனிப்பட்ட விஷயத்தில் அவர் உதவியிருந்தால் அதை மேடையில் சொல்லாதீர்கள், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். அவர் அவ்வளவு பக்குவமாக மறைத்ததை நாமே ஊருக்குச் சொன்னது போல் ஆகிவிடும். மகளிடம் கேட்டுவிட்டு, மூடிய உறையில் வைத்து அவர் கையில் கொடுங்கள். முடிந்தால் மகளையே எழுதச் சொல்லுங்கள்.

தலைமை ஆசிரியையை எல்லோரும் பாராட்டுவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் அறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் குறையோடுதான் போகிறார்கள். விடுமுறையில் கழிப்பறைக் கதவுகளுக்கெல்லாம் தாழ்ப்பாள் மாற்றியது, மாணவிகளின் புகைப்படங்களைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்று உறுதியாக நின்றது, இப்படி அவர் எடுத்த ஒரு முடிவைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். ஆசிரியர்களுக்கு 1994 முதல் அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாள் இருக்கிறது. அலுவலகப் பணியாளர்களுக்கும் ஒரு நாள் உண்டு, 1952-ல் அமெரிக்காவில் செயலாளர்கள் வாரமாக ஆரம்பித்து, 2000-ல் நிர்வாகப் பணியாளர்கள் என்று பெயர் மாறியது, அங்கே ஏப்ரலின் கடைசி முழு வாரத்துப் புதன்கிழமை கொண்டாடுகிறார்கள். அந்த நாள் உங்கள் பள்ளியின் சேர்க்கை நேரத்திலோ தேர்வு நேரத்திலோ விழுந்தால் விட்டுவிடுங்கள். வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது எழுந்து வந்து போட்டோவுக்கு நிற்கச் சொல்வது உபத்திரவம். எனக்குப் பிடித்த நாள் அக்டோபர் 11, சர்வதேச பெண் குழந்தைகள் நாள், 2012 முதல் இருக்கிறது. அன்றைக்குப் பெரிய வகுப்பு மாணவிகளே அலுவலகத்தில் இருப்பவர்களைப் பேட்டி எடுத்துப் பள்ளி இதழில் போடலாம், அவர்கள் சம்மதித்தால் படத்தோடு. இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், இங்கே மறக்க முடியாத நாள் எது என்று கேட்டாலே போதும், நிறையச் சொல்வார்கள். மாணவிகளை வெயிலில் நிற்கவைத்துக் கைதட்டச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பரிசைப் பற்றி என் கருத்து கறாரானது. பணம் வேண்டவே வேண்டாம். சேர்க்கையோ சான்றிதழோ கட்டணச் சலுகையோ உங்களுக்கு நிலுவையில் இருந்தால் எதையும் கொடுக்காதீர்கள், கடிதம்கூட வேலை முடிந்த பிறகு போகட்டும். பொருளாகக் கொடுக்க ஆசைப்பட்டால் பெற்றோர்கள் சேர்ந்து, நிர்வாகத்தின் வழியாக, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். நாங்கள் சுவர்க்கடிகாரம் வாங்கலாம் என்று இருந்தோம், கேட்டால் கணக்கர் தன் நாற்காலியைக் காட்டினார், ஒரு கால் ஆடுகிறது, அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறார். முதுகுக்கு நல்ல நாற்காலியாக வாங்கிப் போட்டோம்.

அப்புறம், தினசரி மரியாதை. படிவத்தை முழுசாக நிரப்பிக் கொடுங்கள், போன் எண் மாறினால் அன்றே சொல்லுங்கள், மகளைக் கூட்டிப்போக வேறு ஆளை அனுப்பினால் கடிதம் கொடுத்தனுப்புங்கள், கடைசி நாளில் போய் அவசரம் என்று நிற்காதீர்கள். வாசல் காவலரையும் சுத்தம் செய்யும் அம்மாவையும் பெயர் தெரிந்துகொண்டு வணக்கம் சொல்லுங்கள். கோபம் வந்தாலும் ஜன்னலுக்கு முன் கத்தாதீர்கள். வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பின்னால் நிற்கும் மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

யாராவது ஓய்வு பெறப் போகிறார் என்றால் தேதி முன்கூட்டியே தெரிந்திருக்கும். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கி, பழைய மாணவிகளிடம் ஆளுக்கு ஒரு பக்கம் கடிதம் வாங்கி ஒரே தொகுப்பாகக் கட்டிக் கொடுங்கள். பழைய முகவரிகள் இருப்பது பெரும்பாலும் ஓய்வு பெறுபவர் கையில்தான், அவரிடம் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆண்டு மாணவிகளிலும் ஒருத்தியைப் பிடியுங்கள், மற்றவர்களை அவளே தேடிப் பிடித்துவிடுவாள்.