சைனிக் போர்டிலிருந்து திரும்பி வரும் மனுக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னாள் ராணுவ வீரரின் குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது என்றால் ஊரில் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, "கலெக்டருக்கு ஒரு மனு போடுங்க." போடலாம். ஆனால் அந்த மனு சுற்றிக்கொண்டு வந்து சேரும் இடம், அதே மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான். சைனிக் போர்டு என்று நாம் சொல்வது அதைத்தான். நேரே அங்கே போய்விட்டால் அலைச்சல் மிச்சம். வீரர் இன்னும் பணியில் இருப்பவர் என்றால் வழி வேறு: முதலில் அவருடைய யூனிட், அடுத்து வீரரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரில்.

மனுக்கள் அதிகம் தடுக்கி விழுவது இனிஷியலில். ராணுவத்திலிருந்து விடுபடும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் 'செல்வி'. ஆதாரில் 'மு. செல்வி'. பான் கார்டில் 'செல்வி முருகன்'. கல்யாணத்துக்கு முன் திறந்த வங்கிக் கணக்கில் அப்பாவின் இனிஷியலோடு 'க. செல்வி'. நமக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு நாலு பேர். பிறந்த தேதியும் இப்படித்தான்: அன்று வாய்வழியாகச் சொன்னது ஒன்று, ஆதாரில் ஏறியது இன்னொன்று. கல்யாணமும் குழந்தைகளின் பிறப்பும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது குடும்ப விவரங்களைப் பதிவில் ஏற்றும் ராணுவ ஆணையில், வெளியாகியிருக்க வேண்டும். அது விடுபட்டிருந்தால் ராணுவப் பதிவில் அந்தக் குழந்தையே கிடையாது. இதையெல்லாம் வீரர் உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்தில் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதித் திருத்தி, திருத்திய பி.பி.ஓ.வை (ஓய்வூதிய ஆணையை) வாங்கி வைத்துவிட வேண்டும். அவர் போன பிறகு அதே வேலைக்கு அஃபிடவிட், இரண்டு பெயரும் ஒருவரே என்ற சான்று என்று மனைவி மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள வீடுகளில் இது இன்னும் அவசரம். பெற்றோர் இருவருக்கும் பிறகு அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. மருத்துவச் சான்றோடு பிள்ளையின் பெயரைப் பெற்றோர் இருக்கும்போதே பி.பி.ஓ.வில் சேர்க்கலாம். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுவதுதான் இதில் பெரிய தவறு.

ஓய்வூதியர் இறந்ததும் நடக்கும் தவறு ஒன்று உண்டு. காரியச் செலவுக்கு என்று அவருடைய ஏ.டி.எம். கார்டில் அடுத்த மாத ஓய்வூதியத்தை எடுத்துவிடுவார்கள். இறந்த மறுநாளிலிருந்து சேரவேண்டியது குடும்ப ஓய்வூதியம்தான். எடுத்த அதிகத் தொகையைப் பின்னால் பிடித்துவிடுவார்கள். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் இறப்பைப் பதிய வேண்டும். கணினி தெரியாவிட்டால் ஸ்பர்ஷ் சேவை மையமோ பொது சேவை மையமோ போதும். மனைவியின் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

சாதாரண குடும்ப ஓய்வூதியம் முதலில் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதமாக வரும். ஓய்வுக்குப் பின் இறந்தவர் என்றால் 7 ஆண்டுகள், அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள், எது முந்தியோ அதுவரை. பணியில் இருக்கும்போது இறந்தவர் என்றால் 10 ஆண்டுகள். அதன் பிறகு 30 சதவீதம். திடீரென்று குறைந்ததும் 'ஏதோ தப்பு நடந்துவிட்டது' என்று மனு போடுகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், 50 சதவீதக் கணக்கை நம்பி நீண்ட கால வீட்டுக்கடன் வாங்குவது.

நிதியுதவிக்கு வருவோம். மத்திய அளவிலான கேந்திரிய சைனிக் போர்டு தரும் வறுமை, கல்வி, திருமண உதவிகள் 2025 நவம்பர் 1 முதல் இரு மடங்காகிவிட்டன. பழைய தொகையைச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகள் இன்னும் சுற்றுகின்றன. வறுமை உதவி மாதம் 8,000 ரூபாய். ஆனால் அது ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தார் வரையிலான முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மட்டும். ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு நல்லெண்ணத்தில் யாராவது இதற்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தால் நிராகரிப்புதான் மிஞ்சும். கல்வி உதவி ஒரு பிள்ளைக்கு மாதம் 2,000, இரண்டு பிள்ளைகள் வரை. படித்து முடித்த வகுப்புக்குத்தான் வரும். இந்த வருடக் கட்டணத்துக்கு அதை நம்பக் கூடாது. மகள் திருமண உதவி 1 லட்சம். அதுவும் கல்யாணம் முடிந்த பிறகு, திருமணப் பதிவுச் சான்றோடு, 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நகைக்கடைக்காரருக்கு இதைக் காட்டி வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் கடிகாரம் முக்கியம். முன்னாள் வீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். கார்டு இருந்தும், அவசரத்தில் பட்டியலில் இல்லாத தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில்லோடு போய் நின்றால் பணம் திரும்புவது கடினம்.

எல்லையில் இருப்பவரின் நிலத்துக்கு ஊரில் பங்காளி வழக்குப் போட்டால், 'லீவில் வரும்போது பார்க்கட்டும்' என்று சம்மனைப் பீரோவில் வைக்காதீர்கள், எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது அவர் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். போர்க்களத்திலோ அரசு அறிவித்த சிறப்புச் சூழலிலோ பணியில் இருப்பவருக்கு எதிரான வழக்கை நீதிமன்றம் நிறுத்திவைக்க 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இடம் தருகிறது. சம்மனின் நகல் உடனே யூனிட்டுக்குப் போக வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு எண் 15100.

தூக்கமில்லை, குடி கூடுகிறது, வீட்டில் யாரிடமும் பேச்சில்லை என்றால் 'பட்டாளத்துக்காரருக்கு என்ன' என்று தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம். ராணுவத்தினருக்கும் குடும்பத்தினருக்கும் புனேயில் 2023 டிசம்பர் முதல் தனிப் பிரிவே இயங்குகிறது.

கடைசியாக, தரகர்கள். சைனிக் போர்டில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம், லைஃப் சர்டிபிகேட் காலாவதி ஆகிவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிட்டு, 1800-180-5325-ஐ நீங்களே அழைத்துக் கேளுங்கள்.