பிரெஸ்ஸாவா, நெக்ஸானா? எப்படி முடிவு செய்வது

இரண்டும் 4 மீட்டருக்குள் அடங்கும் வண்டிகள்தான். ஆனால் இன்ஜின் வேறு ரகம்: மாருதி பிரெஸ்ஸாவில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர்; டாடா நெக்ஸான் பெட்ரோலில் 1.2 லிட்டர் டர்போ, மூன்று சிலிண்டர்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் காட்டும் நேர் ரோடு போதாது. நான் கோவைக்காரன், மருதமலை ஏற்றத்துக்குத்தான் ஓட்டிப் போகச் சொல்வேன். வீட்டு ஆட்கள் எல்லாரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, வளைவில் வேகத்தைக் குறைத்து மறுபடி மிதியுங்கள். நெக்ஸான் ஒரு நொடி தயங்கிவிட்டு விறுட்டென்று இழுக்கும். பிரெஸ்ஸா பதறாமல் ஒரே சீராக ஏறும். என் அம்மாவின் ஓட்டு பிரெஸ்ஸாவுக்கு, தலை சுற்றவில்லையாம்.

பின் சீட்டில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். சேல்ஸ்மேன் சொல்வதை வைத்து முழங்கால் இடத்தை அளக்க முடியாது.

அப்புறம் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் 1,200 சிசிக்கு மிகாத சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நெக்ஸான் அதில் வந்துவிடும். 1,462 சிசி பிரெஸ்ஸாவுக்கு 40. பழைய விலைப்பட்டியலை நம்பாமல், ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸை வெளியிலும் விசாரியுங்கள்.

நெடுஞ்சாலையில் மாதம் முழுக்க ஓடுபவரா? அப்படியென்றால் டீசலைப் பாருங்கள்; இந்த இரண்டில் அது நெக்ஸானில் மட்டும்தான்.