கல்குவாரிச் சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் இளம் ஆலோசகர் ஒருவர் கொண்டுவந்த கோப்பைப் புரட்டியபோது, சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழையை முதல் வரைபடத்திலேயே கண்டேன். கையொப்பம் விடுபடுவது, புல எண் மாறுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை மாவட்டக் கனிமவள அலுவலகத்திலேயே சுட்டிக்காட்டித் திருப்பிவிடுவார்கள்.

500 மீட்டரை நடுவிலிருந்து அளப்பது

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2016 ஜனவரியில் வந்த திருத்தத்தின்படி, ஒரே வகைக் கனிமம் உள்ள பகுதியில் இரு குத்தகைகளின் எல்லைகளுக்கு இடையே 500 மீட்டருக்கும் குறைவாக இருந்தால் அவை ஒரே தொகுப்பாகக் கருதப்படும். தொகுப்பின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால், தனியே பார்க்க எவ்வளவு சிறிய குவாரியானாலும், விரிவான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் கட்டாயமாகின்றன.

நான் கையாண்ட குத்தகை 2.8 ஹெக்டேர், பக்கத்துக் குவாரி 3.1. செயற்கைக்கோள் படத்தில் ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்குக் கோடு போட்டு, 620 மீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் அளந்தால் 440தான். அனுமதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, 5.9 ஹெக்டேர் என்று கூட்டிச் சொல்லிவிட்டார். தாக்க மதிப்பீட்டில் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்று வரையறுக்கும் ஆய்வு வரம்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. காற்று, நீர், இரைச்சல் அளவீடுகளை மழைக்காலம் அல்லாத ஒரு பருவம் முழுவதும் எடுக்க வேண்டும் என்பதால், வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். அதன் பிறகு வரைவு அறிக்கை, கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு என்று ஓராண்டுக்கு மேல் ஓடியது. கடனில் வாங்கிய பொக்லைன் அத்தனை மாதமும் வெயிலில் நின்றது. வட்டி மட்டும் நிற்கவில்லை.

இதைச் சொன்னால், 500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளைப் பட்டியலிட்டுக் கனிமவள உதவி இயக்குநர் அலுவலகம் தரும் கடிதம் இருக்கிறதே என்கிறார்கள். அந்தப் பதில்தான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. கடிதம் பெற்ற பிறகு பக்கத்து நிலத்துக்குப் புதிய விண்ணப்பம் வந்திருக்கலாம். கடிதத்தின் தேதியைப் பார்க்காமல், களத்துக்கும் போகாமல், அதைக் கவசமாகக் காட்டுவது சோம்பல் அன்றி வேறில்லை.

குடியிருப்புத் தொலைவு

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்பது 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் உள்ளது. கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடு நின்றுவிடாமல், நீங்களே ஒருமுறை சுற்றி நடந்து வாருங்கள். சான்றில் விடுபட்ட ஓட்டுவீட்டுக்காரர் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

முன்பே வெட்டிய பள்ளம்

மறைக்காதீர்கள். அளந்து சுரங்கத் திட்டத்தில் காட்டுங்கள்.

அனுமதி வந்த மறுநாளே வெடி வைப்பது

சுற்றுச்சூழல் அனுமதி மட்டும் போதாது; குவாரியை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் வேண்டும்.