குழந்தைத் திருமணம் பற்றி எழுத நூலகத்தில் எந்த பீரோவைத் திறப்பது?

சமூகப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்து எழுதி வாருங்கள் என்று வகுப்பில் சொன்னதும் பாதிப்பேர் போனைத் தேடுவார்கள், மீதிப்பேர் நூலகத்துக்கு வந்து "மிஸ், குழந்தைத் திருமணம் பத்தி புக் இருக்கா?" என்பார்கள். இல்லை. எங்கள் பள்ளியில் அந்தத் தலைப்பில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது, உங்கள் பள்ளியிலும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் விஷயம் இருக்கிறது, நாலைந்து பீரோக்களில் சிதறிக் கிடக்கிறது. அதை எப்படிப் பொறுக்குவது என்பதுதான் இங்கே.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள். "குழந்தைத் திருமணம் - ஓர் ஆய்வு" என்று தலைப்பு வைத்தால் எதைத் தேடுவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "1929லேயே சட்டம் வந்தும் ஏன் நிற்கவில்லை?" என்று கேளுங்கள். சட்டம், பழைய காலம், இன்றைய எண்ணிக்கை என்று மூன்று இடங்களில் தேட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

புத்தகங்களைப் பொருள் வாரியாகப் பிரிக்கும் டூவி எண்ணில் அடுக்கியிருந்தால் 300லிருந்து 399 வரை சமூக அறிவியல். திருமணம், குடும்பம் என்றால் 306.8, சட்டம் 340களில், குழந்தைகள் நலம் 362.7, சடங்கு, வழக்கம் 392. அடுக்கவில்லையா? பல பள்ளிகளில் பூட்டிய பீரோவும் அந்துருண்டை வாசனையும்தான் நூலகம். கவலை வேண்டாம், பொறுப்பாசிரியரிடம் புத்தகப் பதிவேட்டைக் கேளுங்கள். வந்த புத்தகங்களை எல்லாம் வரிசை எண் போட்டு எழுதி வைத்த நீள நோட்டு அது. ஒரு பாடவேளை உட்கார்ந்து தலைப்புகளை விரலால் ஓட்டினால் பெண், சட்டம், சீர்திருத்தம், வரலாறு என்று பத்துப் பன்னிரண்டு எண்கள் தேறும்.

புத்தகம் கையில் வந்ததும் பொருளடக்கத்துக்கு முன்னால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். இதை மட்டும் நான் விடாமல் சொல்வேன். 1970 வாக்கில் அச்சான குடிமையியல் புத்தகத்தில் பெண்ணின் திருமண வயது 15 என்று இருக்கும். அச்சுப்பிழை இல்லை, அன்றைக்கு அதுதான் சட்டம். 1929ல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கச் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. பெண்ணின் வயது 1949ல் 15 ஆனது. 1978ல்தான் 18, 21 என்று மாறியது. 2006ல் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். புதிய புத்தகமும் காலை வாரும். பெண்ணின் வயதையும் 21 ஆக்க 2021 டிசம்பரில் மக்களவையில் மசோதா வந்தது, நிறைவேறவில்லை, 2024ல் அவை கலைந்ததும் காலாவதியானது. 2022 இயர்புக்கை மட்டும் பார்த்துவிட்டு "இப்போது 21" என்று எழுதினால் தப்பாகிவிடும்.

அடுத்தது யாரும் தொடாத இடம்: வாழ்க்கை வரலாறு. பாரதியார் வரலாறு இல்லாத பள்ளி நூலகம் உண்டா? 1897ல் அவருக்குக் கல்யாணம் நடந்தபோது செல்லம்மாளுக்கு வயது 7. கணித மேதை ராமானுஜன் 1909ல் மணந்த ஜானகிக்கு வயது 10. கட்டுரைப் போட்டிக்காக இந்தப் புத்தகங்களைப் படித்த பிள்ளைகள் எல்லாரும் அந்த வரியைக் கடந்துதான் போயிருப்பார்கள், நின்றிருக்க மாட்டார்கள். உங்கள் கேள்வியோடு போனால் நிற்பீர்கள். முத்துலட்சுமி ரெட்டி பற்றியும், 11 வயதில் மணம் செய்துவைக்கப்பட்டு, கணவரோடு வாழ மறுத்து வழக்கைச் சந்தித்து, பின்னாளில் டாக்டரான ருக்மாபாய் பற்றியும் புத்தகங்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்றைய நிலவரத்துக்கு இயர்புக், 'திட்டம்' என்ற அரசு மாத இதழ், கட்டி வைத்த பழைய நாளிதழ்கள். எண் கிடைத்த மகிழ்ச்சியில் அது எதை எண்ணியது என்று பார்க்க மறந்துவிடுகிறோம். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21ல் இந்தியாவுக்கு 23.3 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 12.8. ஒரு மாணவி இதை "தமிழ்நாட்டில் 12.8 சதவீதச் சிறுமிகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது" என்று எழுதி வந்தாள். அப்படி இல்லை. ஆய்வின்போது 20 முதல் 24 வயதில் இருந்த பெண்களில், 18 முடியும் முன்பே மணமானவர்கள் அத்தனை பேர். அதாவது அந்தத் திருமணங்கள் சில ஆண்டுகளுக்கு முந்தையவை, கொரோனா ஊரடங்கில் என்ன நடந்தது என்பதை அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஒரே வாக்கியத்தைத் திருத்தி எழுத அவளுக்கு அரை மணி நேரம் ஆனது, கட்டுரையிலேயே உருப்படியான இடமும் அதுதான்.

குறிப்பெடுக்கும்போது ஒரு விஷயத்துக்கு ஒரு துண்டுத்தாள், அதன் மேலேயே புத்தகப் பெயர், பதிவேட்டு எண், பதிப்பு ஆண்டு, பக்கம். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றால் நடக்காது, புத்தகம் வேறு யார் வீட்டிலாவது இருக்கும். வரிக்கு வரி எடுத்தால் மேற்கோள் குறி போடுங்கள். இல்லையென்றால் மூடி வைத்துவிட்டு உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா, பாதியில் நின்ற வகுப்புத் தோழி என்று தெரிந்தவர் கதையைக் கட்டுரையில் எழுதத் தோன்றும். பெயரும் ஊரும் தெருவும் வேண்டாம், "எங்கள் பகுதியில் ஒரு பெண்" போதும். தேடும்போது நடக்கப்போகிற திருமணம் ஒன்று காதில் விழுந்தால் அதைத் துண்டுத்தாளில் எழுதி வைக்காதீர்கள். நம்பும் ஆசிரியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.