பச்சை பிடித்த செப்புக் காசு: அடையாளம் காண்பதும் காப்பதும்

திருகோணமலையில் அத்திவாரம் வெட்டும்போதோ மழைக்குப் பின் கடற்கரையிலோ பச்சை படிந்த செப்புக் காசு அகப்பட்டால், பலரின் கை முதலில் போவது புளிக்கும் தேசிக்காய்க்கும்தான். வேண்டாம். பல காசுகளில் எழுத்தின் விளிம்பு மிஞ்சியிருப்பதே அந்தப் படலத்தில்தான். புளிப்பு படலத்தைக் கரைத்தால் எழுத்தும் போய்விடும். பித்தளை மினுக்கும் பசையும் அப்படித்தான்.

கடும்பச்சையாகவோ பழுப்பாகவோ வழுவழுப்பாக இருந்தால் அது காசைக் காக்கும் தோல், விட்டுவிடுங்கள். தொட்டால் உதிரும் வெளிர்ப்பச்சைப் பொடிதான் நோய். கடலுப்பின் குளோரைட்டு செம்போடு சேர்ந்து, ஈரமும் காற்றும் பட்டால் அமிலத்தை விடுகிறது. அது மறுபடி செம்பைத் தின்கிறது. சந்தேகமென்றால் மூடிய போத்தலில் நனைத்த பஞ்சோடு, பஞ்சு முட்டாமல், காசை ஒருநாள் வையுங்கள். புதிய வெளிர்ப்பச்சைப் புள்ளி கிளம்பினால் நோய் உறுதி.

கழுவுமுன் கடைசியில் வரும் சட்டத்தைப் பாருங்கள், மிகப் பழைய காசென்றால் நீங்களே கழுவக்கூடாது. மற்றவற்றைக் கழுவ, பற்றரிக்கு விடும் வடிநீர் வேண்டும். குழாய்த் தண்ணீரிலும் குளோரைட்டு உண்டு. காசு ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் போட்டு, வாரம் ஒருமுறை நீரை மாற்றி, நாலைந்து வாரம் ஊறவிடுங்கள். இளகிய மண்ணை ஈரமாக இருக்கும்போதே, உருப்பெருக்கியின் கீழ், மூங்கில் பல்லுக்குத்தியால் தள்ளுங்கள், ஊசி வேண்டாம். எழுத்து வாசிக்கும்படி தெரிந்ததும் நிறுத்துங்கள். பிறகு அசற்றோனில் (எளிதில் தீப்பற்றும் கரைப்பான்) சில நிமிடம் வைத்து உலர்த்துங்கள், அடுப்பு நெருப்புக்குப் பக்கத்தில் மட்டும் செய்யாதீர்கள். ஆழக் குழியிலுள்ள உப்பு இப்படி முழுதாக வராது.

இனி அடையாளம். 0.01 கிராம் காட்டும் தராசு கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தும், ஏறத்தாழ 4 கிராம் என்றால் முதலாம் இராசராசன் வகை. ஆனால் அவசரப்பட்டுச் சோழக் காசு என்று சொல்லிவிடாதீர்கள்: பராக்கிரமபாகு முதலான இலங்கை மன்னர்களும் அதே அச்சைப் பின்பற்றினார்கள், பெயரை வாசித்தே பிரிக்கவேண்டும். படுத்த நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் இருந்தால் யாழ்ப்பாண அரசர் காசு.

3 கிராம் அளவில், வீ.ஓ.சீ. எழுத்துகள் பின்னிய முத்திரையோடு வருவது ஒல்லாந்தக் கம்பனியின் துட்டு. மறுபக்கக் கேடயம் நெதர்லாந்தின் எந்த மாகாணம் என்று சொல்லும்: அலையிலிருந்து எழும் சிங்கம் சீலாந்து, தனிச் சிங்கம் ஒல்லாந்து. இவை அங்கிருந்து கப்பலில் வந்தவை. நம்மூருக்குரியது வேறு: 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலேயே அடித்த தடித்த, முரட்டு ஸ்டைவர் என்ற ஒல்லாந்தர் காசு. முத்திரைக்கு மேலே ரோம எழுத்து ‘ரீ’ (T) இருந்தால் திருகோணமலை, ‘சீ’ (C) என்றால் கொழும்பு, ‘ஜீ’ (G) என்றால் காலி.

யானை உருவம் 1801க்குப் பிந்திய ஆங்கிலேயர் காசு. மரம் பொறித்த சதக் காசுகள் 1870இலிருந்து. கால் சதம் 1.18 கிராம், ஒரு சதம் 4.72, ஐந்து சதம் 19 கிராமுக்குக் கிட்ட. எடை பெறுமதியோடே ஏறியது. தேய்ந்த காசு சற்றுக் குறையும், கூடாது. கூடினால் வார்ப்புப் போலியா என்று விளிம்பில் பொருத்துக்கோடு தேடுங்கள்.

சட்டத்தில் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை தொல்பொருள். மண்ணிலிருந்து எடுத்தது அந்த வகையென்றால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள், கழுவுவதையும் அவர்களிடமே விடுங்கள். அனுமதியின்றி வெளிநாடு அனுப்ப முடியாது. கோட்டைப் பகுதியில் கிளறவே வேண்டாம்.

சதக் காசுகளைக் காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு, 40 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடலாம். மெதுமெதுப்பான பீ.வீ.சீ. அல்பம் வாங்காதீர்கள், அது விடும் அமிலம் காசில் ஒட்டும் பச்சைப் பிசினாக மாறும்.